எழுதியவர் மருதகாசி

அன்புள்ள ஐயா,

காவிரிப் படுகையில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். பிப்ரவரி 13 அன்று கவிஞர் அ. மருதகாசியின் பிறந்தநாளுக்காக இரண்டு மணி நேர நேரலை நடத்தினோம். வயதான அம்மா ஒருவர் தொலைபேசியில் 'சமரசம் உலாவும் இடமே' பாட்டை நான்கு வரி பாடிக்காட்டி, அதைப் போடச் சொன்னார். "அது பட்டுக்கோட்டையார் பாட்டு அம்மா, இன்று மருதகாசி மட்டும்தான்" என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். தவறு என்று எனக்குத் தெரியும். நேரலை என்பதால் குறுக்கிடவில்லை. விவசாயப் பாட்டு அதிகம், காதல் பாட்டு குறைவு என்றும் சிலர் குறைப்பட்டார்கள். என் கேள்வி இதுதான்: திரைப்பாடலை இலக்கியம் என்று கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில வாரங்களாக மருதகாசிதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது அப்பாவின் பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. தியேட்டர் வாசலில் விற்றவை. சணல் கயிறு கோத்து ஒரே கட்டாகத் தைத்து வைத்திருக்கிறார். பின்னட்டைகளில் நெல் கணக்கு. உள்ளே, அவருக்குப் பிடித்த பாட்டுகளின் ஓரத்தில் எழுதியவர் பெயருக்குக் கீழே பென்சில் கோடு. கோடு விழுந்த பெயர்களில் பாதிக்குமேல் மருதகாசி.

இலக்கியமா இல்லையா என்ற கேள்வியைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். காதல் பாட்டு குறைந்தது உண்மையிலேயே குறைதான். 'வசந்த முல்லை போலே', 'காவியமா நெஞ்சின் ஓவியமா' இரண்டும் அதே கை எழுதியவை. அடுத்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்காதது அந்த அம்மாவை நீங்கள் திருப்பி அனுப்பியது. 'ரம்பையின் காதல்' 1956-இல் வந்த படம். அதில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய அந்தச் சுடுகாட்டுப் பாட்டு மருதகாசியுடையது. பிறந்தநாள் அன்று, அவருடைய பாட்டையே அவருடையது இல்லை என்று சொல்லி வாசலோடு அனுப்பியிருக்கிறீர்கள். அறிவிப்பாளருக்குத் தெரியாது, அவரை விடுங்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நேரலையாம்! ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி அவர் முன்னால் நீட்ட எவ்வளவு நேரமாகும்? பட்டுக்கோட்டையார் 29 வயதில் மறைந்தவர். அதற்குள் அவர் எழுதியதே அவர் புகழுக்குப் போதும், இரவல் வாங்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. மருதகாசியின் 'ஏர்முனைக்கு நேரிங்கே' பாட்டையும் இப்படித்தான் பட்டுக்கோட்டையார் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நூறு வாட் நிலையம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே கேட்கும் என்று சமாதானம் சொல்லாதீர்கள். 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலியில் விழுந்த சொல் வேர்பிடிக்கிற மண் இது. தவறும் அப்படித்தான் வேர்பிடிக்கும்.

'மணப்பாறை மாடு கட்டி' பாட்டைப் போட்டீர்கள் அல்லவா, அதை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மாடு மணப்பாறை, ஏர் மாயவரம், விதை ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பா. உழவு முடிந்ததும் பசுந்தழை, அதற்குப் பிறகுதான் விதை. பிறகு நாற்றுப் பறித்து நடவு, ஏற்றம் இறைப்பு, அறுவடை, களத்துமேடு. நெல் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறது, விருதுநகர் வியாபாரி வாங்குகிறார், பணம் அம்மா கைக்கு வருகிறது. ஒரு போகத்து வேலை முழுவதும் முறை மாறாமல் மூன்று நிமிடத்தில் இருக்கிறது. தழையைச் சேற்றில் மிதித்தவன்தான் இதை எழுத முடியும் என்பார் அப்பா. அன்றைய திருச்சி மாவட்டத்து மேலக்குடிகாட்டுக்காரர் எழுதினார்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. அறிவிப்பாளர் படம் சொல்வார், பாடியவரைச் சொல்வார், சில நாள் எழுதியவரை விட்டுவிடுவார். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடை முழுவதும் கேட்கும்படி, "எழுதியவர் மருதகாசி" என்பார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. வெட்கமாக இருக்கும். அவரோடு வந்தவன் இல்லை என்பதுபோலச் சைக்கிள் பக்கம் போய் நின்றுகொள்வேன். ஒரு நாள் வீடு திரும்பும்போது, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லவில்லை. வாய்க்கால் மதகு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், "நம் வயலில் விளைந்ததை வேறொருவன் பெயரில் அளந்தால் நீ சும்மா இருப்பாயா?" என்றார். அதன் பிறகு நான் சைக்கிள் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 13 உலக வானொலி நாளும்கூட. அன்றைக்கு அவரைக் கொண்டாட வேண்டும் என்று இந்த வயதில் உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு உங்களைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கோபம் அந்த மகிழ்ச்சியால் வந்ததுதான்.

அந்த அம்மாவின் எண் நிலையத்தில் இருக்கும். நீங்களே கூப்பிடுங்கள், அறிவிப்பாளரிடம் தள்ளிவிடாதீர்கள். தவறு எங்களுடையது என்று சொல்லி, எந்த நாள், எத்தனை மணிக்கு அந்தப் பாட்டு வரும் என்று தெரிவியுங்கள். எழுதியவர் பெயரைப் பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் அடுத்த பாட்டின் இசை விழுங்கிவிடும். அன்று அவர் பாடிய நான்கு வரியின் பதிவு இருந்தால், சீர்காழியின் குரலுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.