கடன் வாங்கி வீடு வாங்குகிறீர்களா? சட்டம்: கேள்வி - பதில்

பழைய வீடு ஒன்றை வாங்க வங்கியில் கடன் ஒப்புதல் கிடைத்துவிட்டது. வங்கி வழக்கறிஞரே பத்திரங்களைப் பார்த்துவிட்டார். நாங்கள் தனியாக ஒரு வழக்கறிஞருக்குச் செலவு செய்ய வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

கட்டாயம் செய்யுங்கள். வங்கி வழக்கறிஞர் தரும் கருத்துரை வங்கிக்காக எழுதப்படுவது. கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நாளைக்கு யாராவது பங்கு கேட்டு வழக்குப் போட்டு வீடு கைவிட்டுப் போனாலும் தவணை உங்கள் தலையில்தான் நிற்கும். சொத்தின் உரிமைக்குக் கடன் வாங்குபவரே பொறுப்பு என்ற ஷரத்து கடன் ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் தேடிப் படியுங்கள்.

முதல் வேலையை நீங்களே தொடங்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது சர்வே எண்ணில். இன்றைய பத்திரத்தில் 145/2பி என்று இருக்கும். உட்பிரிவு ஆவதற்கு முன்பு நடந்த கிரையங்கள் 145/2 என்ற எண்ணில்தான் கிடக்கும். இரண்டு எண்ணிலும் தேடாவிட்டால் பழைய அடமானம் கண்ணுக்கே படாது. அந்த ஊர் ஒரு காலத்தில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் பெயர்களைச் சங்கிலி போலக் கோத்துப் பாருங்கள். ஓர் ஆவணத்தில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த ஆவணத்தில் எழுதிக் கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் புதுப் பெயர் முளைத்தால் அங்கே ஓர் இறப்போ, உயிலோ, வாய்மொழிப் பாகமோ இருக்கிறது என்று பொருள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் விற்பனையில் கையெழுத்துப் போட்டார்களா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். மகள்கள் விடுபட்டிருப்பதுதான் வழக்கமான ஓட்டை. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் தந்தது. திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. இந்து மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளர் (தந்தை அல்லது தாய்) நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்த பிறகு 3 ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம்.

பதிவு செய்யாத உயிலும், நீதிமன்றத்தில் நடக்கும் பாக வழக்கும் வில்லங்கச் சான்றில் வராமலே போகலாம். உங்கள் வழக்கறிஞர் தேவைப்படுவது இங்கேதான். பட்டா விற்பவர் பெயரில் இருப்பதை மட்டும் வைத்துத் திருப்தி அடையாதீர்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமைக்கு ஆதாரம் பத்திரம்.

விற்பவர் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கிறார். 22 லட்சம் பாக்கி. ‘நீங்கள் பணம் கொடுங்கள், நான் அடைத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கித் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

அவர் கையில் கொடுக்காதீர்கள். பணம் அவருடைய கடன் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

முதலில் விற்பவர் தன் வங்கியில் எழுதிக் கொடுத்து இரண்டு கடிதங்கள் வாங்கட்டும். ஒன்று, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதி வரை அந்தத் தொகை செல்லும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி ஏறும் என்ற கடிதம். மற்றொன்று, வங்கியிடம் இருக்கும் அசல் ஆவணங்களின் பட்டியல். முதல் கடிதத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: இதே சொத்து வேறு எந்தக் கடனுக்கும், வேறு யாருடைய கடனுக்கான ஜாமீனுக்கும் ஈடாக இல்லை என்ற வரி. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? வீட்டுக்கடன் 22 லட்சத்தை நீங்கள் அடைப்பீர்கள். தொழிலுக்கு வாங்கிய ஓவர்டிராஃப்ட்டுக்கும் இதே பத்திரம்தான் ஈடு என்று வங்கி பத்திரத்தைத் தர மறுக்கும்.

இந்தக் கடிதங்களை உங்கள் வங்கியில் கொடுத்தால், அவர்கள் விற்பவரின் வங்கி பெயருக்கே, கடன் கணக்கு எண்ணையும் குறிப்பிட்டு டிடி எடுப்பார்கள். உங்கள் கைப்பணத்தை முதலில் போடச் சொன்னால் அதையும் அந்தக் கடன் கணக்கிலேயே போடுங்கள். கிரையப் பத்திரத்தில் டிடி எண், தேதி, தொகை மூன்றும் எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் வங்கிகள் கடனுக்கு ஈடாகப் பெறும் ஆவண ஒப்படைப்பை, பேச்சுவழக்கில் ‘மோட்’ என்பதை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கின்றன. கடன் அடைந்ததும் அது தானாக அழியாது. விற்பவரின் வங்கி, கடன் தீர்ந்ததாக ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எனவே பதிவு நாளில் வரிசை முக்கியம்: முதலில் பழைய வங்கியின் ரசீது, அடுத்து உங்கள் கிரையப் பத்திரம், கடைசியில் உங்கள் வங்கியின் மோட். மூன்றின் ஆவண எண்களும் இதே வரிசையில் ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் புது வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது பதிவில் பழைய மோட் ஆவணத்தின் எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எண்ணில் ஒரு பிழை இருந்தாலும் பழைய அடமானம் தீராததுபோல் நிற்கும். பிறகு நீங்கள் விற்கப் போகும்போது சிக்கும்.

5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். இப்போது வங்கி கடன் தர மறுக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘குறித்த காலத்துக்குள் கிரையம் முடிக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று மட்டும் இருந்தால் உங்கள் நிலை பலவீனமானது. முதலில் வங்கியிடம் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வருமானம் போதவில்லை என்பது ஒரு காரணம். பத்திரத்தில் குறை, கட்டட அனுமதி இல்லை என்பது வேறு. இரண்டாவது என்றால் குறை விற்பவர் பக்கம். அந்தக் கடிதத்தை இணைத்து வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிப் பணத்தைக் கேட்கலாம்.

இனி ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு: ‘வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காகக் கூச்சப்படவே வேண்டாம். தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதையும் மறக்காதீர்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். விற்பவர் வேறொருவருக்குக் கைமாற்றுவது கடினமாகும்.

வீட்டின் விலை 60 லட்சம். அரசின் வழிகாட்டி மதிப்பு 40 லட்சம்தான். ‘பத்திரத்தில் 45 லட்சம் போடலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், முத்திரைக் கட்டணம் மிச்சம்’ என்கிறார் தரகர். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.40 லட்சம், 45 லட்சத்துக்கு 4.05 லட்சம். மிச்சம் 1.35 லட்சம்.

இப்போது கடன் பக்கம் வாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சம். வங்கி பத்திர மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். 60 லட்சத்துக்கு 48 லட்சம் வரை கிடைக்க வேண்டிய கடன், 45 லட்சத்துக்கு 36 லட்சமாகச் சுருங்கும். 1.35 லட்சம் மிச்சம் பிடிக்க, கூடுதலாக 12 லட்சத்தைக் கையிலிருந்து புரட்ட வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்பனை பிறகு செல்லாது என்று ஆனால் 15 லட்சம் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. நீங்கள் விற்கும்போது கொள்முதல் விலை 45 லட்சமாகவே கணக்காகும். மூலதன ஆதாய வரி கூடும். முழு விலையைப் பத்திரத்தில் போடுங்கள்.

அப்படிப் போடும்போது ஒரு கடமை வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை, இங்கே 60,000 ரூபாயை, நீங்கள் பிடித்து அவருடைய பான் எண்ணில் வரியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. விகிதம் மிக அதிகம். பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு பதிவு செய்தோம். ஒப்படைப்பு 14 மாதம் தாமதம். மாதத் தவணையை நிறுத்தலாமா?
– வாசகி, சென்னை

நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. 90 நாளுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும். கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 2016 ரெரா சட்டத்தின் 18-வது பிரிவின்படி உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: திட்டத்திலிருந்து விலகி, கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம், அல்லது வீடு வேண்டும் என்று இருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். கட்டுநர் அனுப்பிய தேதி மாற்றக் கடிதங்களையும் கட்டிய ரசீதுகளையும் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள்.

கடனில் மீதித் தொகையை வங்கி கட்டுநருக்கு விடுவிக்கும் முன், அந்தக் கட்ட வேலை உண்மையில் முடிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும் என வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

பத்திரம் கணவர் பெயரில் மட்டும். கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீடு எனக்கும் சொந்தமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் உரிமையாளர். ஆனால் கடன் முழுவதற்கும் நீங்களும் பொறுப்பு. பாதிக்கு மட்டும் அல்ல. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் மற்ற வாரிசுகள் தங்களுக்கு வந்து சேரும் சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பாவார்கள், நீங்களோ மீதி முழுவதற்கும். தவணை உங்கள் சம்பளத்திலும் போகிறது என்றால் பத்திரத்திலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பதிவுக்கு முன் கேட்பது எளிது. பிறகு சேர்க்க, குடும்பத்துக்குள் உரிமையை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், வங்கியின் சம்மதமும் வேண்டும்.

கடனை அடைத்து மூன்று மாதம் ஆகிறது. அசல் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறது வங்கி.
– வாசகர், ஈரோடு

கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவு. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆவணம் தொலைந்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்க வங்கி உதவ வேண்டும், செலவும் அதனுடையது. அதற்காக வங்கிக்கு இன்னும் 30 நாள் கிடைக்கும், அதாவது மொத்தம் 60 நாள். உங்களுக்கு அதுவும் கடந்துவிட்டது.

கிளை மேலாளருக்கு உத்தரவைக் குறிப்பிட்டு, கடன் அடைந்த தேதியையும் நாள் கணக்கையும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. ஆவணங்கள் கிடைக்கும் நாளில், கடன் வாங்கியபோது கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.