பதில்: ஆஸ்ட்ரமும் அரிட்டாபட்டியும் ஒட்டவில்லையே?

தம்பி, பொதுவளங்களைப் பற்றி எழுதிய ஹார்டின், ஆஸ்ட்ரம் இருவரையும் வகுப்பில் வாசித்துவிட்டு, அவர்களோடு ஒரு செய்தியைப் பொருத்தும் கட்டுரைக்கு மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எடுத்தேன், இரண்டும் ஒட்டவில்லை, வெறும் செய்திச் சுருக்கமாகவே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல செய்தியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஹார்டினிலிருந்து தொடங்கியதுதான் சிக்கல்.

பொது மேய்ச்சல் நிலத்தை ஆளாளுக்கு மாடு விட்டே அழித்துவிடுவார்கள் என்பது 1968இல் அவர் சொன்னது. அரிட்டாபட்டியில் ஊரார் எதையும் அழிக்கவில்லை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அளவுக்கு அந்தக் குன்றுகளும் கண்மாய்களும் பிழைத்திருந்தன. ஆபத்து வெளியிலிருந்து வந்தது, 2024 நவம்பரில் சுரங்க ஏல முடிவாக. மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஊரார் தங்களுக்கென்று விதி வகுத்துக்கொள்ளும் உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்பது, ஊராரே பொதுவளத்தைக் காப்பது நிலைக்க ஆஸ்ட்ரம் சொன்ன எட்டு விதிகளில் ஒன்று. உங்கள் கட்டுரை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், ஒரு நாள் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் பஸ் ஏறி அந்தப் பக்கம் போய் வாருங்கள். கண்மாய் மடையை யார் திறப்பது, தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது, மீறினால் என்ன செய்வார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். (படிக்கும்போது இப்படிப் போகாமல் விட்டதற்கு நான் இன்னும் வருந்துகிறேன்.) செய்திக்கு முதல் பத்தியில் நாலு வரி போதும், மீதி இடத்தை அவர்கள் சொல்லும் பதில்களுக்குக் கொடுங்கள்.