எங்கள் ஊர்ச் செய்திமடலை வடிவமைக்க எந்த மென்பொருளை எடுக்கலாம்?

ஸ்கிரைபஸ். காசு கட்டத் தேவையில்லை, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆனால் 2024இல் வந்த 1.6 பதிப்போ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும். பழைய 1.4இல் தமிழ் உருப்படாது, கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

நீங்கள் ஒரு சங்கத்துக்கோ கோயிலுக்கோ சம்பளமில்லாமல் இதைச் செய்பவர் என்று நினைத்துத்தான் சொல்கிறேன். அடோபியின் வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் தமிழும் சரியாக வரும். ஆனால் சந்தா கட்ட வேண்டும். வருடம் இரண்டு இதழ் போடும் வாசிகசாலைக்கு அது கட்டுப்படியாகாது. பப்ளிஷரை இனிமேல் பழகாதீர்கள், 2026 ஒக்டோபரோடு மைக்ரோசொப்ட் அதைக் கைவிடுகிறது.

எனக்கு இது பழைய புண். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வாசிகசாலை இதழை நெடுங்காலம் மட்டக்களப்பு டவுனில் ஓர் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில்தான் செய்தோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001இல். இன்று போனிலும் கணினியிலும் தமிழ் தட்டும் பொதுக் குறியீடான யுனிகோட் அதில் எடுபடாது. நாங்கள் யுனிகோட்டில் தட்டி அனுப்புவதை அவர்கள் பாமினிக்கு மாற்றி ஒட்டுவார்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை புலமைப்பரிசில் நிதிக்காகக் கடைசிப் பக்கத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, வாசிக்கவே முடியாத தமிழ்க் கோர்வையாக அச்சாகி வந்தது. புரூஃபில் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரோ அந்தப் பத்தி முழுவதற்கும் பாமினியைப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "நீங்க தந்ததைத்தானே போட்டம்" என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் உதவி கேட்டுப் போட்ட பக்கம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பிடிஎப்களில் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது. அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர் எழுதிய கட்டுரையை ரொறன்ரோவிலிருந்து ஒருவர் கேட்டார். நகலெடுத்து ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து, வரிவரியாகத் திருத்தித்தான் அனுப்பினோம். எழுதியவர் காலமாகிவிட்டார், சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை.

ஆகவே எந்த மென்பொருள் என்றாலும் முதலில் 'கொக்கட்டிச்சோலை', 'ஸ்ரீ' இரண்டையும் யுனிகோட்டில் தட்டிப் பாருங்கள். அதில் தேறினால் மற்றதெல்லாம் பழகலாம். கட்டுரைகளைத் தனிக் கோப்பாக யுனிகோட்டிலேயே சேமித்து வையுங்கள், பிடிஎப்பை நம்பியிருக்க வேண்டாம். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎப்பில் எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பதித்து, சுற்றிவர 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம், விடுங்கள். அதன் பிறகு அங்கே யாரும் உங்கள் எழுத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

மடித்துக் குத்தும் இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எங்களுடையது எட்டுப் பக்கம். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். போன இதழில் பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திய படங்களே இரண்டு பக்கத்தை விழுங்கின. இடமில்லை என்று, உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளின் படங்களை எடுத்துவிட்டார்கள். விருந்தினர் அந்த இதழை வாங்கிக்கொண்டு போனதோடு சரி. பிள்ளைகளின் தாய்மார்தான் வாசிகசாலைக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். மென்பொருளைத் தெரிவு செய்யும் கூட்டத்திலேயே, விருந்தினருக்கு ஒரு படம், அதுவும் உள்பக்கத்தில் என்று குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.