கேள்வி – பதில்: காலின்ஸ் நினைவு நாள்

கேள்வி: அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக வளாகத்தில் ரிச்சர்டு காலின்ஸ் பெயரில் சதுக்கம் இருக்கிறது. அவர் அங்கு படித்தவர் இல்லையாமே?

பதில்: படித்தது போவி மாநிலப் பல்கலைக்கழகத்தில். கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய பழமையான கல்வி நிலையம் அது. 2017 மே 20 அதிகாலை, காலேஜ் பார்க் நகரில் இருக்கும் மேரிலாந்து பல்கலைக்கழக வளாகத்துப் பேருந்து நிறுத்தத்தில் நண்பர்களோடு நின்றிருந்தவரை, அங்கே படித்த வெள்ளையின மாணவன் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். கறுப்பினத்தவரான காலின்ஸுக்கு வயது 23. ராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்டாகப் பொறுப்பேற்று இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த வாரமே நடந்த பட்டமளிப்பு விழாவில் அவருக்கான நாற்காலியில் பட்ட அங்கியை மட்டும் விரித்து வைத்தார்கள். உயிர் போனது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு, கொன்றவன் இன்னொன்றின் மாணவன். அதனால் நினைவுகூரும் கடமை இரண்டுக்கும் உண்டு. கொலை நடந்த வளாகத்திலேயே சதுக்கம் இருப்பதுதான் முறை.

கேள்வி: இன வெறுப்பால் கொன்றான் என்ற வெறுப்புக் குற்றச்சாட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டதே. இனவெறிக் கொலை என்று எங்கள் அஞ்சலிக் கூட்டப் பலகையில் எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். தீர்ப்பைச் சரியாகப் படிக்க வேண்டும். 2019 டிசம்பரில் ஜூரி முதல்நிலைக் கொலைக் குற்றத்தை (திட்டமிட்டுச் செய்த கொலை) உறுதி செய்தது, 2021 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொன்றவனின் கைப்பேசியில் இனவெறிப் படங்கள் இருந்தன, இனவெறி ஃபேஸ்புக் குழுவிலும் சேர்ந்திருந்தான். ஆனாலும் கொலைக்கு இனமே காரணம் என்று நிறுவ அவை போதா என்று சொல்லி, வெறுப்புக் குற்றச்சாட்டை ஜூரியிடம் போகும் முன்பே நீதிபதி நீக்கிவிட்டார். ஓட்டை சட்டத்தின் சொற்களில் இருந்தது. குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். வெறுப்பு முழுக் காரணமாகவோ கணிசமான பங்காகவோ இருந்தாலே போதும் என்று மேரிலாந்து சட்டம் மாறியது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் திருத்தத்துக்குக் காலின்ஸின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் இந்தச் சட்ட வரலாற்றுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலான அஞ்சலிக் கூட்டங்களில் விட்டுப்போவது இதுதான்.

கேள்வி: எங்கள் மாணவர் அமைப்பு அஞ்சலிக் கூட்டம் நடத்தப்போகிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தேதி. மே 20-க்குள் தேர்வு முடிந்து பாதி விடுதி காலியாகிவிடும். வகுப்புகள் முடியும் முன்பே, ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் முன்னதாகக் குடும்பத்துக்கு, காலின்ஸ் பெயரில் அவர்கள் நடத்தும் அறக்கட்டளை வழியாக, எழுதுங்கள். எந்தப் படம் வைப்பது, யார் பேசுவது என்பதில் அவர்கள் சொல்லே முடிவு. அவர்கள் வர இயலாது என்றால் வற்புறுத்தாதீர்கள். போவி மாணவர்களையும் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மட்டும் அழைத்தால் அவர்கள் விருந்தாளியாகிவிடுவார்கள்.

படம் ஏ1 அளவில், பளபளப்பில்லாத தாளில் இருக்கட்டும். ஏ3 அளவு நாலாவது வரிசைக்கே தெரியாது, பளபளப்புத் தாளில் விளக்கொளி பட்டு முகம் மறையும். தாங்கியின் கால்களில் மணல் பை கட்டாவிட்டால் காற்றில் சாயும். பெயரோடு லெப்டினன்ட் பதவியையும் எழுதுங்கள், அது அவர் உழைத்துப் பெற்றது. கொன்றவனின் பெயரோ படமோ எங்கும் வேண்டாம். அறிவிப்பில் ‘மோதல்’, ‘அசம்பாவிதம்’ என்று எழுதக் கூடாது. அங்கே மோதல் எதுவும் நடக்கவில்லை.

நெருப்புக்கு வளாக அனுமதி கிடைப்பது கடினம். 100 பேர் வருவார்கள் என்றால் 120 பேட்டரி மெழுகுவத்தி வாங்கி, முந்தின நாளே ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பாருங்கள். பேருந்து இரைச்சலில் குரல் அமுங்கும். ஒலிபெருக்கியைக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே, அதே நேரத்தில், ஒரு நாள் முன்பு சோதியுங்கள். மௌன அஞ்சலியின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருவர் கடிகாரம் பார்த்து அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அரை நிமிடத்திலேயே முணுமுணுப்பு கிளம்பும். மொத்தம் 45 நிமிடம் போதும். கறுப்பின மாணவர்கள் பலருக்கு அது கனமான மாலை, மனநல ஆலோசகர் ஒருவர் கூட்டம் கலையும் வரை இருக்கட்டும். மலர்களின் பிளாஸ்டிக் உறையை வைக்கும்போதே கழற்றுங்கள், மூன்றாம் நாள் வாடியதை அகற்ற ஆள் குறித்துவையுங்கள்.

கேள்வி: பணமாக உதவ வழி உண்டா?

பதில்: உண்டு. குடும்பத்தின் அறக்கட்டளைக்கு நேரடியாக அனுப்பலாம். இது தவிர, மேரிலாந்திலுள்ள வரலாற்றுக் கறுப்பினக் கல்வி நிலையங்களில் ராணுவ அதிகாரிப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு மாநில அரசே காலின்ஸ் பெயரில் உதவித்தொகை தருகிறது. தகுதியுள்ள மாணவர் யாராவது தெரிந்தால் அதை அவருக்குச் சொல்லுங்கள்.