டோபமைன்தானா அது? கார்பன் இழை அளவீடு பற்றி வாசகர் கேள்விகள்

மூளைக்குள் மெல்லிய கார்பன் இழை எலெக்ட்ரோடை இறக்கி, அதன் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்கி, அப்போது ஓடும் மின்னோட்டத்திலிருந்து டோபமைன் போன்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள்களை அளக்கும் முறை பற்றியவை இந்தக் கேள்விகள். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு ஸ்கேன்.

ஸ்கேன் 8.5 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் நொடிக்குப் 10 தடவை மட்டும்? மீதி நேரம் வீண்தானே?

அந்த மீதி நேரத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. −0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வரை ஏறி, நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் இறங்கிவர 8.5 மில்லிநொடி ஆகும். மிச்சமுள்ள 91.5 மில்லிநொடியும் எலெக்ட்ரோடு −0.4இல் சும்மா இருப்பதில்லை. உடலின் பி.எச்.சில் டோபமைன் நேர்மின்னூட்டம் உள்ளது. அது அந்த இடைவெளியில் கார்பன் பரப்பில் வந்து ஒட்டிச் சேர்கிறது. மூளைத் திரவத்தில் இருக்கும் அஸ்கார்பேட்டுக்கு (வைட்டமின் சி) எதிர்மின்னூட்டம், அது ஒட்டாது. நொடிக்கு 60 தடவை ஸ்கேன் செய்தால் டோபமைன் சேர நேரம் இல்லாமல் சிக்னல் சரியும். ஒட்டியது விலகவும் நேரம் எடுக்கும் என்பதால், திரையில் தெரியும் ஏற்ற இறக்கம் உண்மையான மாற்றத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும்.

திரையில் நூற்றுக்கணக்கான நானோஆம்பியர் தெரிகிறது. இதில் டோபமைன் எங்கே?

அதில் பெரும்பகுதி எலெக்ட்ரோடின் பரப்பை மின்னேற்றும் பின்னணி மின்னோட்டம். டோபமைனின் பங்கு சில நானோஆம்பியர்தான். நிகழ்வுக்குச் சற்று முந்தைய 10 ஸ்கேன்களின் சராசரியை ஒவ்வொரு ஸ்கேனிலிருந்தும் கழித்தால் அது வெளியே வரும். பின்னணி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் மாற்றத்தை இந்த முறையில் நம்ப வேண்டாம். நாள் முழுக்க மெதுவாக மாறும் அளவுகளுக்கு, நுண்சவ்வுக் குழாய் வழியே மூளைத் திரவத்தின் மாதிரியை எடுத்து அளக்கும் மைக்ரோடயாலிசிஸ்தான் சரி. எலெக்ட்ரோடை இறக்கியதும் 60 ஹெர்ட்ஸில் 15 நிமிடம், 10 ஹெர்ட்ஸில் இன்னொரு 15 நிமிடம் ஓட விட்டு, பின்னணி நிலைத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

டோபமைனின் ஆக்சிஜனேற்ற உச்சம் (மின்னோட்டம் மிக அதிகமாகும் இடம்) +0.6 வோல்ட்டில் வர வேண்டும். மூன்றாவது வாரம் எலியில் +0.8இல் வருகிறது. கார்பன் கெட்டுவிட்டதா?

கார்பனைக் குறை சொல்வதற்கு முன் ரெஃபரன்ஸை, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் இரண்டாவது எலெக்ட்ரோடைப் பாருங்கள். நாள்பட்டுப் பதித்த வெள்ளிக் கம்பியின் மேலிருக்கும் சில்வர் குளோரைடு படலம் திசுவுக்குள் கரைந்து போகும். அப்போது ரெஃபரன்ஸின் மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் சரியும், உங்கள் உச்சங்கள் நேர்ப்பக்கம் நகரும். கழிக்காத பின்னணி வளைவை முதல் நாள் வளைவின் மேல் வைத்துப் பாருங்கள். அதன் மேடு பள்ளங்களும் அதே 0.2 வோல்ட் தள்ளியிருந்தால் சந்தேகமே இல்லை. ஸ்கேனின் இரு எல்லைகளையும் 0.2 கூட்டினால் (−0.2இலிருந்து +1.5) அந்த எலியின் பதிவைக் காப்பாற்றலாம்.

புதிய ரெஃபரன்ஸ் கம்பி தயாரிக்க: உப்புத்தாளால் தேய்த்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பேட்டரியின் நேர்முனையில் வெள்ளி, எதிர்முனையில் பிளாட்டினம் என இணைத்து, சீராகச் சாம்பல் நிறம் படியும் வரை விடுங்கள். திட்டுத் திட்டாகப் படிந்தால் மறுபடி தேயுங்கள். எண்ணெய்ப்பசை உள்ள விரல் பட்ட இடத்தில் படலம் பிடிக்காது.

காலிப்ரேஷனுக்கான (எலெக்ட்ரோடின் உணர்திறனைச் சரிபார்க்கும்) டோபமைன் கரைசல் மதியத்துக்குள் இளஞ்சிவப்பாகிவிடுகிறது. பயன்படுத்தலாமா?

கூடாது, கொட்டிவிடுங்கள். நடுநிலை பி.எச்.சில் காற்றுப் பட்டாலே டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடையும். மூலக்கரைசலை அமிலத்தில் வையுங்கள்: 19 மில்லிகிராம் டோபமைன் ஹைட்ரோகுளோரைடை 10 மில்லி 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டரை எடுத்து பஃபரில் 10 மில்லியாக்குங்கள், 10 மைக்ரோமோலார். அதிலிருந்து 1 மில்லி எடுத்து மறுபடி 10 மில்லியாக்கினால் 1 மைக்ரோமோலார். இந்தக் கடைசி இரண்டையும் அளவிடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். மூளையிலிருந்து எடுத்த எலெக்ட்ரோடின் உணர்திறன் புரதம் படிந்து குறைந்திருக்கும். அதனால் இறக்குவதற்கு முன் எடுத்த எண்ணைவிட, எடுத்த பின் கிடைக்கும் எண்ணையே நான் நம்புவேன்.

நேரத்தையும் மின்னழுத்தத்தையும் அச்சுகளாக்கி மின்னோட்டத்தை நிறத்தால் காட்டும் வண்ணப்படத்தில் பச்சைத் திட்டு தெரிகிறது. டோபமைன் என்று எழுதிவிடலாமா?

நிறத்தை வைத்து எழுதாதீர்கள். அந்த நொடியின் வோல்ட்டாமோகிராமை (மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்த வளைவு) எடுத்து, ஏறும்போது +0.6 அருகே ஒன்று, இறங்கும்போது −0.2 அருகே ஒன்று என இரு உச்சமும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எச். மாற்றத்தின் உருவம் வேறு. தூண்டலுக்குச் சில நொடி கழித்து அதுவும் வந்து சேரும். இரண்டையும் பிரிக்க, தெரிந்த மாதிரி வளைவுகளோடு ஒப்பிட்டுக் கலவையைப் பிரிக்கும் முதன்மைக்கூறு பின்னடைவு என்ற புள்ளியியல் முறை உதவும். ஆனால் அந்த மாதிரி வளைவுகளின் பயிற்சித் தொகுப்பு அதே அமைப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்னொரு ஆய்வகத்தின் தொகுப்பைக் கடன் வாங்கினால் எண் வரும், அர்த்தம் வராது. ஒரு பொறி: நோர்அட்ரினலினின் வோல்ட்டாமோகிராம் ஏறத்தாழ இதே உருவம்தான். அதைப் பிரிக்க உருவம் போதாது. மூளையின் எந்தப் பகுதி என்பதும், குறிப்பிட்ட மருந்துக்குச் சிக்னல் எப்படி நடந்துகொள்கிறது என்பதும்தான் சாட்சி.

இன்னொரு நரம்புச் செய்தி வேதிப்பொருளான குளுட்டமேட்டை இதே இழையால் அளக்க முடியுமா?

நேரடியாக முடியாது, கார்பனில் அது ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. பிளாட்டினத்தின் மேல் குளுட்டமேட் ஆக்சிடேஸ் நொதியைப் பூசி, அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை +0.7 வோல்ட்டில் பிடிக்கிறார்கள். அஸ்கார்பேட் நுழையாமலிருக்க மெட்டா-ஃபினிலீன்டையமீன் படலம் வேண்டும். பக்கத்திலேயே நொதியில்லாத, வெறும் ஆல்புமின் பூசிய இன்னொரு தளம் வைத்துக் கழிக்காவிட்டால், கிடைப்பது குளுட்டமேட்தானா என்று சொல்ல வழியில்லை.

செரட்டோனின் அளந்தால் பத்தே நிமிடத்தில் உணர்திறன் விழுகிறது.

அதன் ஆக்சிஜனேற்ற விளைபொருள்கள் கார்பன் மேல் பிசினாகப் படிகின்றன. டோபமைன் அலைவடிவத்தை விட்டுவிட்டு +0.2, +1.0, −0.1, மறுபடி +0.2 என நொடிக்கு 1000 வோல்ட்டில் ஓட்டுங்கள். செரட்டோனினின் வளர்சிதைப் பொருளைத் தள்ளிவைக்க, எதிர்மின்னூட்டம் கொண்ட நேஃபியான் என்ற பாலிமரை மெலிதாகப் பூசுங்கள். கனமானால் பதில் மந்தமாகும்.