பத்திரிகை அவதூறு: மானத்துக்கு எப்படி விலை போடுகிறார்கள்? – கேள்வி பதில்

மான நஷ்ட வழக்குகளில் பல வருடங்களாக வாதாடி வருகிறேன். நஷ்டஈட்டுத் தொகை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

சார், பெயர் கெட்டதற்குக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? பெரிய தொகையாகக் கேட்டால்தானே பாதியாவது கிடைக்கும்?

அப்படிப் பேரம் பேச முடியாது. நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும்: உங்கள் மனவேதனை, நன்மதிப்புக்கு வந்த சேதம், அப்புறம் செய்தி பொய் என்று ஊருக்குத் தெரிய எவ்வளவு தேவை என்பது. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தீர்ப்பை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, "எவ்வளவு கொடுத்தாங்க?" என்றுதான் கேட்பார்கள். தொகை அற்பமாக இருந்தால், "ஏதோ இருந்திருக்கும்" என்ற பேச்சு ஓயாது. பார்ப்பவருக்குக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று புரியும் அளவுக்குத் தொகை இருக்க வேண்டும் என்று ஹெயில்ஷாம் பிரபு 1972-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பு ஒன்றில் சொன்னது இதனால்தான்.

அதற்காக வானளாவக் கேட்டால் நிற்காது. பாடகர் எல்டன் ஜானின் உணவுப் பழக்கம் பற்றி சண்டே மிரர் பொய்ச் செய்தி போட்டது. ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, கொடுத்தது 3,50,000 பவுண்டு. மேல்முறையீட்டில் அது 75,000 ஆனது. அதிலும் அவருக்கு நேர்ந்த சேதத்துக்கு 25,000தான், மீதி 50,000 பத்திரிகைக்குத் தண்டனையாகப் போட்டது. உடல் காயத்துக்குத் தரும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. கண் போனவருக்குக் கிடைப்பதைவிட மானம் போனவருக்குப் பல மடங்கு கொடுப்பது நியாயமா என்பது எனக்குச் சரியான கேள்வியாகவே படுகிறது.

செய்தியால் எனக்கு ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. அதுவும் இதில் சேருமா?

சேரும், ஆனால் தனிக் கணக்கு. ரூபாய் ரூபாயாக நிரூபிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் இரண்டு கடிதங்கள் கொண்டுவந்தார். "விரைவில் வேலையைத் தொடங்கலாம்" என்று ஒன்று. செய்தி வந்து நான்கு நாள் கழித்து, "தற்போதைக்கு வேண்டாம்" என்று இன்னொன்று. மணிக்கணக்கில் அவர் அழுது சொன்னதைவிட அந்த இரண்டு தாள்கள் அதிகம் பேசின.

என் சாட்சிகள் எல்லோரும் "நாங்கள் அதை நம்பவில்லை" என்கிறார்கள். அப்படியானால் சேதமே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லாதா?

சொல்வார்கள். பயப்படாதீர்கள். உங்களுக்காகக் கூண்டேறுபவர் உங்களை மதிப்பவராகத்தான் இருப்பார். நம்பியவர் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார். எத்தனை பிரதி விற்றது, எந்தப் பக்கம், எவ்வளவு கடுமையான குற்றச்சாட்டு, உங்கள் ஊர்க்காரர் கையில் அது கிடைத்ததா என்பவற்றிலிருந்து நீதிமன்றமே ஊகிக்கும்.

மறுப்பு போட்டுவிட்டார்களே, தொகை குறையுமா?

குறையும். எவ்வளவு என்பது மறுப்பைப் பொறுத்தது. முதல் பக்கத்தில் படத்தோடு வந்த பழிக்கு, மூன்று வாரம் கழித்து உள்பக்கத்தில் ஏல அறிவிப்புக்குக் கீழே நாலு வரி வருத்தம் என்றால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. நீதிமன்றத்தில் வந்தும் பழியையே திரும்பச் சொன்னால் தொகை ஏறும்.

வழக்கில் ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காமல் போகுமா?

போகும். அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் சண்டே டைம்ஸ் மீது போட்ட வழக்கில் ஜூரி ஒன்றுமே தரவில்லை. நீதிபதி அதை ஒரு பென்னி ஆக்கினார்.

செய்தி வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து யோசித்தது போதும். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கெடு ஒரு வருடம்தான். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். போகும்போது கத்தரித்த துண்டை மட்டும் எடுத்துப் போகாமல், அன்றைய முழுப் பத்திரிகையையும் கொண்டுபோங்கள். எந்தப் பக்கத்தில், எந்தப் படத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் உங்கள் பெயர் வந்தது என்பது அதில்தான் தெரியும்.