மன்னர் எலும்பும் மரபணுவும்: வாசகர் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: இங்கிலாந்தின் லெஸ்டரில் கிடைத்த எலும்புக்கூடு அந்நாட்டு மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்றால், எலும்பின் காலத்தைச் சொல்லும் கார்பன் கணிப்பு முதலில் ஏன் தப்பாக வந்தது?

மீன்தான் காரணம். கடலில் பழைய கார்பன் இருப்பதால், கடல்மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு வயதைக் கூட்டிக் காட்டும். அதைச் சரிசெய்ததும் 1450–1540க்குள் வந்தது. அவர் இறந்தது 1485.

அஸ்தம்பட்டி வாசகி: அவருக்குக் கூன் இருந்ததா?

இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் சற்று ஏறியிருக்கும்.

ஆத்தூர் வாசகர்: அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் அவருடைய ஆண்வழி உறவினரோடு பொருந்தவில்லையே, எல்லாம் பொய்தானே?

ஆய்வைப் பாதி மட்டும் படித்திருக்கிறீர்கள். இருபது தலைமுறை ஆண்வழியில் எங்காவது ஒரு பிள்ளைக்கு ஊர் அறிந்த அப்பா வேறு, பெற்ற அப்பா வேறு என்றால் தொடர் அறுந்துவிடும். தாய்வழி மரபணு அப்படி அறுவது அரிது. அக்கா ஆன் வழியில் வந்த ஒருவரோடு அது முழுதாகப் பொருந்தியது, இன்னொருவரோடு ஒரே ஒரு வித்தியாசம். வயது, காயங்கள், புதைத்த இடம், முதுகு எல்லாம் சேர்ந்துதான் அது ரிச்சர்டே என்று 99.999 சதவீதம் உறுதி. ஒற்றைச் சான்றைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஏற்காடு வாசகர்: காபித் தோட்டத்துக் கல்வட்டத்தில் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி வைத்த கற்கள்) எலும்பு கிடைத்தது. கழுவிப் பையில் வைத்திருக்கிறேன். ராஜா எலும்பா? டிஎன்ஏ பார்க்க எங்கே அனுப்பலாம்?

ஏன் கழுவினீர்கள்? ஏன் எடுத்தீர்கள்? எத்தனை முறைதான் எழுதுவது, எலும்பைத் தொடாதீர்கள் என்று! மலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். எலும்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து முறத்தில் காயவைத்திருந்தார்கள். அக்கம்பக்கம் எல்லோரும் எடுத்துப் பார்த்தாயிற்று. இனி அதில் சோதித்தால் அவர்கள் மரபணுதான் வரும். லெஸ்டரில் 2012ல் எலும்பை எடுத்தவர்கள் உடல் முழுக்க மூடிய உடை, கையுறை, முகமூடி போட்டுத்தான் தொட்டார்கள். நம் வெயிலிலும் மழையிலும் மரபணு தங்குவதே கஷ்டம். மிச்சத்தையும் நாமே அழிக்கிறோம்.

கோவாவில் ஜார்ஜிய அரசி கெட்டவானின் எலும்பு என்று ஹைதராபாத் ஆய்வகம் சொன்னது எப்படி? அவர் கொல்லப்பட்டது 1624ல். கோவாவில் அகஸ்தினியர் என்ற கிறிஸ்தவத் துறவியரின் மடத்தில் அவர் எலும்பை எங்கே வைத்தார்கள் என்று பழைய ஆவணம் சொன்னது. அங்கே கிடைத்த எலும்பின் தாய்வழி மரபணு வகை 22,000 இந்தியர்களிடம் தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் கல்வட்டத்துக்கு எந்த ஆவணம், எந்த வாரிசு? எலும்பு எந்தப் பக்கம் தலை வைத்திருந்தது, கூட எந்தப் பானை இருந்தது என்பதுதான் அங்கே சேதி. அதையும் கலைத்துவிட்டீர்கள். மீதியைத் தோண்டாமல் விஏஓவிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள்.

மேட்டூர் வாசகர்: உடையாளூரில் ராஜராஜன் சமாதி என்கிறார்களே, டிஎன்ஏ பார்த்தால் தெரியாதா?

ஒப்பிட ஒரு வாரிசு வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு அப்புறம் உறுதியான வாரிசு யார்? எலும்பே கிடைத்தாலும், அங்கே முதலில் கல்வெட்டைப் படியுங்கள்.